சகரியாஸ் அம்மாளும் நேசபாயும்

கொடைக்கானல்,
9-9-1954.

என் அன்புள்ள நேசத்துக்கு,

யேசுரத்தினம் எழுதிக்கொள்வது. நான் சுகம் என்று எழுதலாம்தான். ஆனால் உன் கடிதம் வந்த திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பங்களாவில் ஒருவரும் சுகமாக இல்லை. அன்று சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். செவ்வாய்க்கிழமை போடவே இல்லை. விட்னி துரை கணக்கு வாத்தியார் அல்லவா, இரண்டு நாளையும் கூட்டி வகுத்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். அமெரிக்காக்காரருக்குப் பொறுமை அதிகம்.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை வாசித்துவிட்டேன். ஆறு மாதமாக மூலம் என்று நினைத்து நீ லேகியம் தின்றது மூலமே இல்லை, குடலில் கட்டி என்று நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்கிறார். அறுத்து எடுக்க வேண்டும். எடுத்தால் மலம் போகிற பழைய வழி அடைபட்டுப் போகும். இடது பக்க வயிற்றில் ஒரு வாசல் வைப்பார்கள். ஆயுசுக்கும் அதுதான் வழி என்கிறார். நீயோ, “அப்படி ஒரு பிழைப்பு எனக்கு வேண்டாம். வகுப்பில் பிள்ளைகள் முன் எப்படி நிற்பேன், கோயிலில் எப்படி உட்காருவேன், கர்த்தர் கூப்பிட்டால் முழு உடம்போடு போகிறேன்” என்று எழுதியிருக்கிறாய். ஒரு எழுத்துக்கூட அடித்துத் திருத்தவில்லை. அதுதான் எனக்குப் பயம். யோசித்து எழுதுகிறவள் நடுவில் ஒரு இடத்திலாவது அடித்துத் திருத்துவாள்.

விட்னி அம்மாளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? என்னைப் படைத்தபோது ஆண்டவர் வாய்க்குக் கதவு வைக்க மறந்துவிட்டார். அந்த அம்மாள் கேட்டுவிட்டு உள்ளே போய், கப்பலில் வந்த இரண்டு மாதப் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து வந்தாள்.

இவளுக்குக் கோல்ஃப் என்றால் உயிர். எலுமிச்சம்பழத்துக்குச் சற்றுச் சின்னதாக ஒரு வெள்ளைப் பந்து. அதை மட்டையால் அடித்துக்கொண்டே போய், கால் மைல் தள்ளி ஒரு குழியில் விழவைக்க வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி. குறைய அடித்தவர் ஜெயித்தவர். நம் ஊரில் அடி என்று வந்தால் கூடுதலாக அடித்தவன்தான் ஜெயிப்பான். இது வேறு நியாயம். மட்டைப் பை தூக்குகிறவன் வராத சனிக்கிழமைகளில் என்னை இழுத்துக்கொண்டு போவாள். போன மாதம் பந்து ஒரு காட்டெருமையின் காலடியில் போய் நின்றது. “ரத்தினம், எடுத்து வா” என்றாள். “அம்மா, அது நம் பந்து இல்லை, அதனுடைய முட்டை” என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகையில் ஒரு பெண் படம். பெயர் பேப் சகரியாஸ். சகரியா என்று வேதாகமப் பெயர் வந்துவிட்டதால் அந்நியமாக நினைக்காதே. உன் வயசு, நாற்பத்து மூன்று. கோல்ஃப் ஆடுவதுதான் அவளுக்கு உத்தியோகம். அதற்கு முன்னால் ஒலிம்பிக்கில் ஓடியும் ஈட்டி எறிந்தும் தங்கப் பதக்கம் வாங்கினவள். போன வருஷம் ஏப்ரலில் அவளுக்கும் இதே சீக்கு, இதே குடல், இதே அறுவை, பக்கவாட்டில் இதே வாசல். இனிப் போட்டி ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவள் ஆஸ்பத்திரி அறை மூலையில் மட்டைப் பையை வைக்கச் சொல்லி, அதைப் பார்த்தபடி படுத்திருந்தாளாம். இந்த ஜூலையில் அந்த நாட்டுப் பெண்களுக்கான பெரிய போட்டியில், கடைசி நாள் காலையும் மாலையுமாக முப்பத்தாறு குழி நடந்து ஆடி, அடுத்து வந்தவளைவிடப் பன்னிரண்டு அடி குறைய அடித்து ஜெயித்துவிட்டாள். வயிற்றில் வாசலோடு! விட்னி அம்மாள் இதை வாசித்தபோது என் கையிலிருந்த முட்டை தரையில் விழுந்தது. இது நிஜ முட்டை.

ஏட்டி நேசம், நீ பந்து அடிக்க வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அடித்தால் போதும். அதற்கு நீ உயிரோடு இருக்க வேண்டும். சரி என்று ஒரு வரி எழுது. லீவு கேட்டுக்கொண்டு ஓடி வருகிறேன். படத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

தூரத்தில் கிடக்கும் உன் புருஷன்
யேசுரத்தினம்.


மாங்காட்டுவிளை,
21-9-1954.

அன்புள்ள அத்தானுக்கு,

நேசபாய் எழுதுவது. கடிதமும் படமும் வந்தன. படத்தை மூன்று நாள் பார்க்கவில்லை. நான்காம் நாள் பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தேன். சிரிக்கிறாள். உடுப்பு வயிற்றோடு ஒட்டித்தான் இருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை.

விட்னி அம்மாளிடம் சில விவரம் கேட்டு எழுதுங்கள். அவள் நாற்காலியில் நேராக உட்காருகிறாளா? பிறத்தியார் வீட்டில் சாப்பிடுகிறாளா? அவள் கையால் கொடுப்பதை மற்றவர்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்களா? நாற்றம் வருமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுதான். அவளுக்கு மாப்பிள்ளை உண்டா? உண்டென்றால் அந்த மனிதர் என்ன சொன்னார்?

பக்கத்து விளையில் குடியிருக்கும் செல்லத்தாயிடம் மட்டும் சொன்னேன். அவள் அய்யா வழிக்காரி, நம் கோயில் பக்கம் வராதவள், அதனால் சொன்னேன். “அக்கா, கூரையில ஓட்டை விழுந்தா ஓலை வச்சுக் கெட்டிக்கிட்டுக் கெடக்கோம். வீட்ட விட்டுட்டா ஓடுதோம்? சவத்த, போயி அறுத்துப் போட்டுட்டு வாங்க. நான் கூட வாறேன்” என்றாள். உங்கள் சகரியாஸ் அம்மாள் பாதி, செல்லத்தாய் பாதி. சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 12, செவ்வாய்க்கிழமை. புருஷன் கையெழுத்து வேண்டுமாம். பத்தாம் தேதிக்குள் வந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும். இது நமக்கும் செல்லத்தாய்க்கும் டாக்டருக்கும் தெரியும். விட்னி அம்மாள் போகட்டும், அவர்கள் நம் ஊர் இல்லை. வேறு ஒருவருக்கும் தெரியக் கூடாது. பெண்கள் சங்கத் தலைவி தேவகனி இப்போதே, “என்ன டீச்சர், மெலிஞ்சு போனிய, கொடைக்கானல் குளிரு இங்க வரைக்கும் அடிக்குதோ?” என்று நோட்டம் பார்க்கிறாள். வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வருவீர்கள் அல்லவா?

நேசபாய்.


கொடைக்கானல்,
5-10-1954.

என் அன்புள்ள நேசத்துக்கு,

நீ சரி என்று சொன்ன வரியைப் பார்த்ததும் அடுப்பங்கரையில் முழங்கால் போட்டேன். நெருப்புக் கங்கு பட்டது, அது வேறு.

உன் கேள்விகளைக் கேட்டேன். முதல் கேள்வியை நேராகக் கேட்க வெட்கப்பட்டுச் சுற்றி வளைத்ததில், பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து விட்னி அம்மாள் அலமாரியை நகர்த்திவிட்டாள். பிறகு புரிந்துகொண்டு, சுத்தமாக வைத்திருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது என்றாள். நாற்காலியில் உட்காருகிறாளாம், விருந்துக்குப் போகிறாளாம், மவுத் ஆர்கன் வாசிக்கிறாளாம். மாப்பிள்ளை குஸ்தி பிடிக்கிறவராக இருந்தவர்; நம் ஊர்க் கோயில் ஜான்ரோஸ் உபதேசியாரைப் போல மூன்று பேரைச் சேர்த்துக் கட்டினால் வருகிற உருவம். ஆனால் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்தது, கூட ஆடுகிற ஒரு சின்னப் பெண்ணாம். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று இந்தப் பத்திரிகையில் போடவில்லை.

இப்போது ஒரு சங்கடம். அமெரிக்காவிலிருந்து மிஷன் கமிட்டிக்காரர்கள் பதினொரு பேர் பத்தாம் தேதி இங்கே வந்து இறங்குகிறார்கள். பதினொரு வாய். இந்த நேரத்தில் லீவு கேட்க நாக்கு எழவில்லை. டாக்டருக்கு என் சம்மதத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, விட்னி துரையின் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். கமிட்டி கிளம்பியதும் நானும் கிளம்பிவிடுவேன்.

தைரியத்துக்கு இன்னொரு படம் வைக்கிறேன். இவர் ஆண்பிள்ளை, பென் ஹோகன். இவரும் கோல்ஃப்தான். ஐந்து வருஷத்துக்கு முன் மூடுபனியில் காரில் போகும்போது எதிரே ஒரு பஸ். பக்கத்தில் மனைவி. மோதப் போகிறது என்று தெரிந்ததும் அவள் மேல் குறுக்கே பாய்ந்து விழுந்தார். இடுப்பெலும்பு, தோளெலும்பு எல்லாம் நொறுங்கியது. இனி நடப்பதே சந்தேகம் என்றார்கள். பதினாறாம் மாதம் காலில் துணி சுற்றிக்கொண்டு நடந்து நாட்டின் பெரிய பட்டத்தை ஜெயித்தார். அவர் பாய்ந்ததால் மனைவியும் பிழைத்தாள், அவரும் பிழைத்தார். அவர் இருந்த இடத்தில் ஸ்டீயரிங் கம்பி குத்திக்கொண்டு நின்றதாம்.

நான் சும்மா இருக்கவில்லை. ஜான்ரோஸ் உபதேசியாருக்கு ஒரு கடிதம் எழுதி ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் உபதேசியார் ஊரில் ஒருவர் ஆகமாட்டாரே, அவர் கர்த்தருடைய ஆள். என்ன சீக்கு, எந்த இடம், எப்படி வாசல் வைப்பார்கள் என்று எல்லாம் விவரமாக எழுதினேன். பொதுவாக “சுகம் தாரும்” என்றால் ஆண்டவர் பொதுவாகத்தானே கேட்பார்?

பயப்படாதே. எனக்குச் சேர்த்தும் நீயே பயப்படாமல் இரு.

யேசுரத்தினம்.


கொடைக்கானல்,
30-10-1954.

நேசம்,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, செல்லத்தாய் உன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறாள் என்று உபதேசியார் கார்டு போட்டார். ஸ்தோத்திரம். உன் கையெழுத்தில் ஒரு வரி வராதா என்று தினமும் தபால்காரனுக்கு முன்னால் நானே தபால் ஆபீசுக்குப் போய் நிற்கிறேன். அவன் என்னைப் பார்த்து, “யோவ் பட்லர், லெட்டர் வந்தா நான் தின்னுற மாட்டேன்” என்கிறான். இங்கே ஒரே மூடுபனி. விட்னி அம்மாள் பதினொரு பந்தைத் தொலைத்துவிட்டாள். வேறு செய்தி இல்லை. வேறு செய்தி எனக்கு வேண்டாம், உன் செய்திதான் வேண்டும்.

யேசுரத்தினம்.


மாங்காட்டுவிளை,
3-12-1954.

யேசுரத்தினம் அவர்களுக்கு,

நான் பிழைத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை நான் நெய்யூரில் படுத்திருந்தபோது, இங்கே ஜெப விண்ணப்பங்கள் வாசிக்கிற நேரத்தில் ஜான்ரோஸ் உபதேசியார் உங்கள் கடிதத்தை வாசித்தார். சாராம்சத்தை அல்ல, முழுக் கடிதத்தையும். அவர்மேல் குற்றம் இல்லை. வெளியூரிலிருந்து வருகிற ஜெப விண்ணப்பத்தில் ஒரு எழுத்தையும் விடக் கூடாது என்பது அவர் வழக்கம், அது உங்களுக்கும் தெரியும். வேதம் வாசிக்கிற அதே குரலில் என் குடலையும் வயிற்றையும் வாசித்திருக்கிறார். நடுவில் நீங்கள் வேடிக்கையாக எழுதியிருந்த இடத்தில் பின் வரிசையில் சிரித்தார்களாம்.

இது அப்போது எனக்குத் தெரியாது. நவம்பர் பாதியில் வீட்டுக்கு வந்தேன். தேவகனி பார்க்க வந்தாள். சாயா போட்டுக் கொடுத்தேன். “இப்பத்தான் குடிச்சிட்டு வாறேன் டீச்சர்” என்றாள். அடுத்து வந்தவளும் இப்பத்தான் குடித்திருந்தாள். ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாயா குடிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 28 அறுப்பின் பண்டிகை. வருஷந்தோறும் கோயில் காணிக்கை ஏலத்தில் என் முந்திரிக்கொத்துப் பலகாரம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து நிற்கவே ஒரு மாதம் ஆன நான், செல்லத்தாய் பயறு வறுத்துத் திரித்துக் கொடுக்க, உட்கார்ந்தே ஐம்பது பிடித்துப் பொரித்தேன். உபதேசியார் தட்டைத் தூக்கிப் பிடித்து, “நேசபாய் டீச்சர் படைப்பு, முந்திரிக்கொத்து” என்றார். கோயில் முற்றத்தில் ஒருவரும் விலை கேட்கவில்லை. அதற்கு முன் ஒரு சேவலுக்கு அப்படி அடித்துக்கொண்டார்கள். “ஒரு தரம்” என்றார். நான் வெண்டைக்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, “அந்தக் கையாலயா புடிச்சா?” என்று கேட்டது காதில் விழுந்தது. கடைசியில் உபதேசியாரே எடுத்துக்கொண்டார். மறுநாள் அவர் வீட்டு ஆடு தின்றது.

அப்புறம்தான் செல்லத்தாயைப் பிடித்து உலுக்கி எல்லாவற்றையும் கேட்டேன்.

அந்த அமெரிக்காக்காரி தன் சீக்கை ஊருக்கெல்லாம் சொன்னாள், பேப்பரில் போட்டாள் என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள். அவள் சொன்னது அவள் வாயால். என்னுடையதை நீங்கள் சொன்னீர்கள். இரண்டும் ஒன்று இல்லை.

ஹோகன் படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவர் பஸ் வரும்போது மனைவியின் மேல் விழுந்தார். உங்களுக்குப் பஸ் ஏறி வரக்கூட முடியவில்லை.

கிறிஸ்மஸுக்கு வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

த. நேசபாய்.


கொடைக்கானல்,
16-12-1954.

நேசத்துக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதாவிட்டால் செத்துப்போவேன்.

கமிட்டிக்காரர்கள் பதினொரு பேர் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. அப்படி ஒரு கமிட்டியே கிடையாது. நான் லீவு கேட்கவும் இல்லை. பத்தாம் தேதி விட்னி அம்மாள்தான், “உன் மனைவிக்குச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், நீ ஏன் இன்னும் என் வீட்டில் வெங்காயம் உரிக்கிறாய்?” என்று பிடித்துத் தள்ளி அனுப்பினாள். வந்தேன், நேசம். பதினோராம் தேதி நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். நெய்யூர் போகிற பஸ் மூன்று போனது. மூன்றிலும் படிவரை போய் இறங்கிவிட்டேன். மூன்றாவது பஸ் கண்டக்டர், “வேய், ஏறுதீரா, இல்ல படிய அளந்து பாக்கீரா?” என்று கேட்டான். திரும்பிப் போகிற திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நீ சின்னதாகிப் படுத்திருப்பதைப் பார்க்கப் பயம். அதைப் பார்த்தால் எனக்கு வேடிக்கை வராது. வேடிக்கை போய்விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உபதேசியாருக்கு எழுதிய அந்தக் கடிதம்கூட, வராமல் இருப்பதற்கு நான் கொடுத்த பரிகாரம்தான். அதையும் உன் தலையில் போட்டுவிட்டேன்.

மன்னிக்கச் சொல்ல வாய் இல்லை. எனக்கே வாய் இல்லையென்றால் பார்த்துக்கொள்.

யேசுரத்தினம்.


கொடைக்கானல்,
28-8-1955.

நேசத்துக்கு,

இது பதில் இல்லாமல் போகும் எட்டாவது கடிதம். பரவாயில்லை. நீ கிழிக்காமல் வைத்திருக்கிறாய் என்று செல்லத்தாயின் மருமகன் பழனிக்கு வந்தபோது சொன்னான். கிழிக்காததே எனக்குப் பதில்.

ஹோகன் ஜூனில் தோற்றுவிட்டார். கேட்டியா, ஆட்டம் முடிந்து, ஜெயித்தாயிற்று என்று எல்லாரும் கை குலுக்கிவிட்டார்கள். உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது, பெயர் தெரியாத ஒருவன் பின்னால் ஆடிக்கொண்டு வந்து சரிசமமாக்கிவிட்டான். மறுநாள் மறுபடி ஆடி அவனே ஜெயித்தான். விட்னி அம்மாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வேறு காரணமும் உண்டு; நான் புதிதாக முட்டைப் புட்டிங் செய்து பார்த்தேன்.

சகரியாஸ் அம்மாள் சுகம்தான். முதுகு வலியாம், ஓய்வில் இருக்கிறாளாம். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

நீ சுகம்தானே?

யேசுரத்தினம்.


(தபால் கார்டு)

மாங்காட்டுவிளை,
20-2-1956.

சகரியாஸ் அம்மாளுக்கு அந்தச் சீக்கு திரும்ப வந்துவிட்டதாக நெய்யூரில் ஒரு நர்ஸ் சொன்னாள். “வேறொன்றும் இல்லை” என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எது உண்மை?

நேசபாய்.


கொடைக்கானல்,
27-2-1956.

நேசத்துக்கு,

நர்ஸ் சொன்னதுதான் உண்மை. போன ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது. நான் அந்தக் கடிதம் எழுதும்போது விமானத் தபாலில் வந்த பத்திரிகை மேஜைமேல் திறந்து கிடந்தது. முதலில் சொல்லக் கூடாததைச் சொல்லிக் கெட்டேன். இந்தத் தடவை சொல்ல வேண்டியதை மறைத்துக் கெட்டேன். எனக்கு அளவு தெரியவில்லை.

வலி அதிகமாம். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக இருக்கிறாள். ஆனாலும் பேப்பர்காரர்கள் போனால் திரும்ப ஆட வருவேன் என்றுதான் சொல்கிறாளாம்.

திறந்த கார்டில் எழுதியிருந்தாயே. தபால்காரன் வாசித்திருப்பான். அதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நாலு தடவை வாசித்தேன். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நேசம், நீ சோதனைக்குப் போகிறாயா? அதை மட்டும் சொல். கோபத்தோடு சொன்னாலும் சரி.

யேசுரத்தினம்.


மாங்காட்டுவிளை,
15-10-1956.

அன்புள்ள அத்தானுக்கு,

சகரியாஸ் அம்மாள் செப்டம்பர் 27ஆம் தேதி இறந்துவிட்டாள் என்று பேப்பரில் பார்த்தேன். நீங்கள் எழுதுவதற்குத் தவிப்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே எழுதுகிறேன். நாற்பத்தைந்து வயசு.

நீங்கள் பிப்ரவரியில் கேட்டதற்கு இன்றுதான் பதில். போகவில்லை. அவளுக்குத் திரும்ப வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனால்தானே சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில் துக்கத்தில் இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கும்போது, நான் எழுந்து அவள் பெயரைச் சொன்னேன். “அது ஆரு டீச்சர், உங்களுக்குச் சொந்தமா?” என்று தேவகனி கேட்டாள். சொந்தம்தான் என்றேன். எப்படி என்று கேட்டாள். இரண்டு வருஷமாக எனக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்ததை நானே முன்னால் நின்று சொன்னேன். எங்கே வலித்தது, எத்தனை நாள் மறைத்தேன், எங்கே அறுத்தார்கள், இப்போது எப்படிக் கழுவுகிறேன், எந்தத் துணி வைக்கிறேன், எல்லாம். கரும்பலகை இருந்திருந்தால் படமும் போட்டிருப்பேன். பின் வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி நான் சொல்லவும் இல்லை.

அன்று சாயங்காலம் தேவகனி புறவாசல் வழியாக வந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “நேசம், எனக்கும் நாலு மாசமா ரெத்தம் போவுது. ஆருட்டயும் சொல்லிப்போடாத, எனக்க பொன்னுல்லா” என்றாள். “ஏட்டி, முதல்ல இரு. சாயா குடிக்கியா, இல்ல இப்பத்தான் குடிச்சியா?” என்று கேட்டேன். அழுதுகொண்டே குடித்தாள். இரண்டு தம்ளர்.

நானே நெய்யூருக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு வெறும் மூலம்தான். சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் பாட்டுப் பாடினாள். டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, “டீச்சர், பிள்ளைகள் எட்டு மாதம் பள்ளிக்கூடம் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். இரண்டு மாதமாக அதே இடது பக்கம் வலிக்கிறது என்று சொன்னேன். இது வேறு யாருக்கும் தெரியாது.

நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை காலை, முழுச் சோதனை.

வரச் சொல்லி எழுதவில்லை. தேதியைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

நேசபாய்.


நெய்யூர்,
6-11-1956,
காலை பத்தே கால்.

நேசத்துக்கு,

நீ உள்ளே போய் இருபது நிமிஷம் ஆகிறது. நர்ஸிடம் கேட்டு இந்தக் காகிதத்தை வாங்கினேன். சும்மா உட்கார்ந்தால் கால் பஸ் பக்கம் போய்விடும் போலிருக்கிறது. கை எழுதிக்கொண்டிருந்தால் கால் நிற்கும் என்று ஒரு யோசனை.

நேற்று நீ கதவைத் திறந்தபோது இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் மறந்துபோயிற்று. வரும் வழியில் ஒரு வேடிக்கை தயார் பண்ணியிருந்தேன். முதல் தேதியிலிருந்து உன் ஊரையும் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்த்துவிட்டார்கள் அல்லவா, இனி நீ என்னைவிட்டு ஓடுவதென்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓட வேண்டும் என்று சொல்ல இருந்தேன். நீ, “வந்தியளா? செருப்ப வெளிய போடுங்க” என்றாய். அதைவிட நல்ல வார்த்தை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

காலையில் பஸ் குலுங்கியபோது உன் இடது பக்கம் கம்பியில் இடிக்காமல் இருக்க என் முழங்கையை நடுவில் வைத்தேன். நீ அதை எடுக்கச் சொல்லவில்லை. முழங்கை இப்போது வலிக்கிறது; புகாராக எழுதவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, நேசம். உள்ளே ஏதோ தட்டு விழுந்த சத்தம் கேட்டது. இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்து இதே பெஞ்சில் இதே இடத்தில் உட்கார்ந்தேன். விட்னி துரையிடம் நாள் குறிக்காமல் லீவு சொல்லியிருக்கிறேன். அதை நேற்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பக்கத்தில் குளச்சல்காரி ஒருத்தி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “ஆருக்குத் தீனம், வீட்டுக்காரிக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். “என்ன சீக்கு? எங்க வலி?” என்றாள். எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சகரியாஸ் அம்மாள், கோல்ஃப், பன்னிரண்டு அடி, எல்லாம். உனக்குத் தெரியுமே, நான் ஆரம்பித்தால் இந்தப் பெஞ்சே சிரிக்கும். “அவ வருவா. அவகிட்டயே கேளுங்க. சொல்லணும்னு தோணிச்சுன்னா அவளே சொல்லுவா” என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்தவளிடம், “பாவம், மனுசனுக்கு வாயே கெடயாது” என்றாள்.

ஐம்பது வயசில் எனக்கு இப்படி ஒரு பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

கதவு திறந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, “நேசபாய் டீச்சருக்க ஆளு ஆரு?” என்று கேட்கிறாள். நான்தான் என்று கையைத் தூக்கிவிட்டேன்.

உள்ளே வருகிறேன்.